எனதுரை தனதுரையாக: ஒரு கேள்வியோடு நான்கு திருமுறைத் தளங்களுக்குள்

திருமுறை என்ற சைவப் பாடல் தொகுதி அருள்வாக்கு என்று ஏன் நம்புகிறீர்கள் என்று ஒரு சைவரிடம் கேட்டால் முதலில் வந்து விழுவது கதைதான். திருநள்ளாற்றுப் பதிகத்தின், அதாவது பத்துப் பதினொரு பாட்டுக் கோவையின், ஏடு நெருப்பில் வேகவில்லை. பாசுர ஏடு வைகையை எதிர்த்துப் போனது. மூன்று வயதுப் பிள்ளையாக இருந்த சம்பந்தர் ஞானப்பால் உண்டு பாடினார். கேட்டவர் விடாக்கண்டராக இருந்தால் அடுத்ததாக ஒன்று கேட்பார்: "இதெல்லாம் பாட்டிலேயே இருக்கிறதா, பின்னால் வந்தவர்கள் சொன்னதா?" இதற்குப் பதில் தேட ஒரு காலத்தில் பன்னிரு திருமுறைத் தொகுதிகளையும், நாயன்மார் வரலாறு சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கான உரையையும் மேசையில் பரப்ப வேண்டியிருந்தது. இன்று நான்கு இலவச வழிகள் இருக்கின்றன: தேவாரம் டாட் ஆர்க், சைவம் டாட் ஆர்க், மதுரைத் திட்டம், புதுச்சேரியிலிருந்து வந்த கணினித் தேவாரம். அழகு, நிறம், வேகம் எதையும் பார்க்காமல், இந்த ஒரு கேள்விக்கு எது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும் வைத்து எழுதிய மதிப்பீடு இது.

முதலில் அறிமுகம். தேவாரம் டாட் ஆர்க் தருமபுரம் ஆதீனத்தைச் சார்ந்தது. பன்னிரு திருமுறையும் பொழிப்புரை, குறிப்புரையோடு கிடைக்கும். மூலத்தைப் பிற இந்திய எழுத்துகளிலும் சிங்கள எழுத்திலும்கூடப் படிக்கலாம். சைவம் டாட் ஆர்க்கில் ஒரு பதிகம் முழுவதும் ஒரே பக்கத்தில் வரும். தலவாரியாகவும் போகலாம், ஓதுவார் ஒலிப்பதிவும் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தன்னார்வலர்கள் தொடங்கியது. உரை இல்லாத மூலம், யூனிகோடிலும் பிடிஎஃபிலும். கணினித் தேவாரம் 2007இல் வெளிவந்தது. தி. வே. கோபாலய்யரும் பிரான்சுவா குரோவும் 1984, 1985இல் பதிப்பித்த, பண் (பழந்தமிழ் இராகம்) வரிசையில் அமைந்த தேவாரம் அதன் பின்புலம், கூடவே வி. எம். சுப்பிரமணிய அய்யரின் ஆங்கிலப் பொருளும், தேவாரம் முழுவதற்குமான சொல்லடைவும். ஆனால் சம்பந்தர், அப்பர் (நாவுக்கரசர்), சுந்தரர் என்ற மூவர் பாடிய முதல் ஏழு திருமுறையோடு, அதாவது தேவாரத்தோடு, நின்றுவிடும். திருவாசகத்துக்கும் பெரியபுராணத்துக்கும் வேறு இடம் பார்க்க வேண்டும்.

இங்கே பாட்டெண்ணைத் திருமுறை, பதிகம், பாட்டு என்ற வரிசையில் குறித்திருக்கிறது. 3.24.2 என்றால் மூன்றாம் திருமுறை, 24ஆம் பதிகம், இரண்டாம் பாட்டு. தளங்களும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் போகின்றன.

தேட ஆரம்பித்ததும் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "எனதுரை தனதுரையாக" என்ற தொடர் இந்த விஷயத்துக்கு ஆணிவேர். இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் (1.76) சம்பந்தர், என் பேச்சைத் தன் பேச்சாக ஆக்கிக்கொண்டவன் என்று இறைவனைச் சொல்லுகிறார், ஒரு பாட்டில் சொல்லிவிட்டு விடவில்லை, பாட்டுக்குப் பாட்டு சொல்லுகிறார். இதைத் தேடுபெட்டியில் "தனதுரையாக" என்று சேர்த்து அடித்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. திருமுறை அச்சில் இடைவெளி விழுவது சொல் முடியும் இடத்தில் அல்ல, சீர் முடியும் இடத்தில். ஆகவே மூலத்தில் இருப்பது "தனதுரை யாக". இதே காரணத்தால் "ஞானசம்பந்தன்" என்று தேடினால் பாதிப் பதிகங்கள் தப்பிவிடும்; அங்கே "ஞானசம் பந்தன்" என்று நிற்கும். இணையத்துக்கு ஏற்றியவர்கள் தவறு செய்ததாக நினைக்க வேண்டாம், ஓதுபவருக்காக அமைந்த அச்சுமரபு அது. தேடுபவருக்குத்தான் இடைஞ்சல்.

இதற்கு வழி, உடையாத துண்டை மட்டும் அடிப்பது. "தனதுரை" போதும். பெயருக்கு "பந்தன" என்று புள்ளி வைக்காமல் அடியுங்கள். யூனிகோடில் புள்ளி தனிக் குறியாக எழுத்துக்குப் பின்னால் வருவதால் "பந்தன்", "பந்தன" இரண்டும் ஒருங்கே சிக்கும். உயிரில் தொடங்கும் சொல்லாக இருந்தால் முதலெழுத்தை விட்டுவிடுங்கள்: "ஆண்டவன்" மூலத்தில் "யாண்டவன்" ஆகியிருக்கலாம், "அடிசில்" முன்சொல்லின் மெய்யோடு ஒட்டி "தடிசில்" ஆகியிருக்கலாம். "டிசில்" என்று தேடினால் பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் சிக்கும். இன்னொன்று, ஒகர உயிர்மெய்யைச் சில பழைய கோப்புகள் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்து வைத்திருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடலுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் ஒகரம் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுவது நல்லது.

இந்தத் தொல்லை பெரும்பகுதி இல்லாமல் போவது கணினித் தேவாரத்தில். சொல்லடைவு வழியாக உள்ளே போனால் ஒரு சொல் வரும் இடங்களை வரிசையாகப் பார்த்துவிடலாம். நான்கில் இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன். முகப்பு காலத்தால் பழையது, செல்போனில் தடுமாறும். கணினியில் வைத்துப் பாருங்கள்.

இனிக் கேள்விக்கு வருவோம். கதை பாட்டில் இருக்கிறதா?

சம்பந்தர் பதிகத்தை எடுத்தவுடன் கடைசிப் பாட்டிலிருந்து படியுங்கள். அவருடைய பதிகங்களுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் மாலும் அயனும், பத்தில் சமணரும் புத்தரும், பதினொன்றில் தன் பெயரும் ஊரும் பதிகம் ஓதுவதால் வரும் பயனும். திருக்கடைக்காப்பு என்று வழங்கும் இந்தப் பதினோராம் பாட்டில்தான் பாடியவர் தம் பாட்டைப் பற்றிப் பேசுகிறார். கோளறு பதிகத்தின் முடிவு (2.85.11) "வானில் அரசாள்வர் ஆணை நமதே". ஆணையிடும் உரிமை தனக்கு இருக்கிறது என்ற தெளிவு இல்லாமல் இப்படி ஒரு வரி வராது. வேதத்தை ஆசிரியர் இல்லாத நூல் என்று மீமாம்சகர் என்ற வேத ஆராய்ச்சி மரபினர் சொல்லுவார்கள். திருமுறையில் பதிகத்துக்குப் பதிகம் ஆசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதே வாயால் இது அவன் உரை என்றும் சொல்லுகிறார். இரண்டும் சேர்ந்து நிற்பதில் சைவருக்குச் சிக்கல் எதுவும் தெரிவதில்லை. வைணவத்தில் நம்மாழ்வார் "என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை" என்று திருவாய்மொழியில் (7.9.1) சொல்வதும் இதே நிலைதான்.

ஞானப்பால் கதைக்கு எல்லாரும் திறக்கும் பக்கம் "தோடுடைய செவியன்" (1.1). அங்கே பாலும் இல்லை, கிண்ணமும் இல்லை. தளத்தில் பதிக வரலாற்றைப் படிக்காமல் மூலத்தை மட்டும் படிப்பவர் கைவிரித்துவிடுவார். பார்க்க வேண்டியது "மண்ணின் நல்லவண்ணம்" என்று தொடங்கும் கழுமலப் பதிகத்தின் இரண்டாம் பாட்டு (3.24.2): "போதையார் பொற்கிண்ணத் தடிசில்பொல் லாதெனத் தாதையார் முனிவுறத் தானெனை யாண்டவன்." பொற்கிண்ணம் இருக்கிறது, அதில் உணவு இருக்கிறது, அப்பா கோபித்துக்கொண்டார், இறைவன் ஆட்கொண்டான். மூன்று வயது என்பதும் அம்மை ஊட்டினாள் என்பதும் இந்த இரண்டு அடியில் இல்லை. கதையின் எலும்பு பாட்டில், சதை பின்னால் வந்தது என்று சொல்லலாம்.

வைகையை எதிர்த்த ஏடும் அப்படித்தான். "வாழ்க அந்தணர்" திருப்பாசுரத்தைத் (3.54) திறந்தால் பதினோராம் பாட்டில் ஓலை தெண்ணீரை எதிர்த்து ஊர்ந்தது என்ற குறிப்பு மட்டும் வரும், வைகையின் பெயர் இல்லை. திருவேடகப் பதிகத்தின் கடைக்காப்புக்குப் (3.32.11) போனால் "கோடுசந் தனமகில் கொண்டிழி வைகைநீர் ஏடுசென் றணைதரும் ஏடகத் தொருவனை" என்று வரும். ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்லும் அடியாகவும் இதை எடுக்க இடமுண்டு என்று ஒருவர் வாதாடினால் மறுக்க முடியாது; நிகழ்ந்ததைக் கண்டவர் சொன்னதாகவே நம்புபவர் எடுப்பார். நெருப்பில் வேகாத ஏட்டுக்கு "போகமார்த்த பூண்முலையாள்" (1.49) பக்கம் உதவாது, "தளிரிள வளரொளி" (3.87) உதவும். அங்கே நள்ளாறர் நாமம் "எரியிடில் இவை பழுதிலை மெய்ம்மையே" என்பது பாட்டுக்குப் பாட்டு வரும் முடிவு. ஆனால் கவனியுங்கள், இது தீயில் இடுவதற்கு முன் சொன்ன உறுதிமொழி, இட்ட பின் எழுதிய சாட்சி இல்லை. பாண்டியன் சுரம் தீர்ந்த கதைக்கு அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை, "மந்திரமாவது நீறு" பதிகத்தின் கடைக்காப்பிலேயே (2.66.11) "தென்னன் உடலுற்ற தீப்பிணி யாயின தீரச் சாற்றிய பாடல்கள்" என்று காரணம் போட்டிருக்கிறது.

அப்பரிடம் இன்னும் நேராக இருக்கும். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட கதைக்கு மேடையில் எல்லாரும் சொல்வது "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்" (4.11.1). அது "பாய்ச்சினாலும்" என்ற நிபந்தனை. நடந்ததாகச் சொல்லும் பாட்டு நீலக்குடிப் பதிகத்தில் இருக்கிறது (5.72.7): "கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்கவென் வாக்கினால்" அரன் நாமம் சொல்லி உய்ந்தேன் என்கிறார். சுந்தரருக்குத் திருநாவலூர்ப் பதிகம் (7.17). சபை முன்னே வம்பு பேசியதையும் வன்றொண்டன் என்ற பெயர் கிடைத்ததையும் அவரே சொல்லிவிடுகிறார்; வெண்ணெய்நல்லூரில் வைத்து ஆளாகக் கொண்டது பாட்டுக்குப் பாட்டு வருகிறது. ஆனால் "பித்தா" என்று இறைவனே முதற்சொல் எடுத்துக் கொடுத்த செய்தி "பித்தா பிறைசூடி"யில் (7.1) இல்லை. முதற்சொல் தருவது பின்னால் ஒரு மரபாகவே வளர்ந்தது: சேக்கிழாருக்கு "உலகெலாம்", அருணகிரிக்கு "முத்தைத்தரு", கச்சியப்பருக்கு "திகட சக்கர". எந்த நூல் அருள்நூல் என்று காட்ட வேண்டுமோ அதன் வாசலில் இந்தக் கதை நிற்கும்.

இவ்வளவையும் தளங்கள் எப்படிக் காட்டுகின்றன? இங்கேதான் என் பெரிய குறை. தேவாரம் டாட் ஆர்க் ஆதீனப் பதிப்பின் முறையைப் பின்பற்றிப் பதிக வரலாறு தருகிறது. அச்சுப் பதிப்புகள் பலவும் அப்படியே. அந்த வரலாறு வருவது பெரியபுராணத்திலிருந்து. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலம், அதாவது 12ஆம் நூற்றாண்டு. நடுவில் ஐந்நூறு ஆண்டு. பாட்டுக்கு முன்னால் வரலாற்றைப் படித்துவிட்டால் அதற்குப் பிறகு பாட்டைத் தனியாகப் படிக்க முடிவதில்லை. இல்லாததும் இருப்பதாகத் தோன்றும். பாட்டு முதலில், வரலாறு கீழே, வரலாற்றுக்கு ஆதாரமான பெரியபுராணப் பாட்டுக்கு ஒரு இணைப்பு என்று வைத்தால் நம்புபவருக்கும் நட்டமில்லை, ஆராய்பவருக்கும் வேலை மிச்சம். உரையிலேயே 3.32, 3.24 போன்ற பதிகங்களுக்குக் குறுக்கிணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. இப்போதைக்கு அதை வாசகரே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். உரையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. சித்தாந்த விளக்கமும் இலக்கணக் குறிப்பும் இவ்வளவு விரிவாக இலவசமாக வேறெங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

ஐந்நூறு ஆண்டு இடைவெளியைப் பார்த்துவிட்டு "எல்லாம் சேக்கிழார் கட்டியது" என்று கிளம்புபவர்களும் உண்டு. அவர்கள் ஏழாம் திருமுறையை ஒழுங்காகத் தேடியதில்லை. திருக்கோலக்காப் பதிகத்தில் (7.62.8) சுந்தரர், நாளும் இன்னிசையால் தமிழ் பரப்பும் ஞானசம்பந்தனுக்கு உலகவர் முன் தாளம் ஈந்தவன் என்று இறைவனைப் பாடுகிறார். பொற்றாளக் கதை அப்போதே ஊரறிந்த செய்தி. வலிவலத்தில் (7.67.5) சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய தமிழ் மாலையையே திரும்பச் சொல்லி ஏத்துவதை விரும்புகிறவன் என்கிறார். "ஏழெழு நூறிரும் பனுவல்" ஈன்றவர் நாவுக்கரசர் என்று கணக்கும் தருகிறார் (7.65.2): நாலாயிரத்துத் தொள்ளாயிரம். நம் கையில் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் பதிகம். ஆக, மூவரில் கடைசியானவர் காலத்திலேயே முன்னவர் பாட்டு மறுபடி மறுபடி ஓதத்தக்க பாட்டாக ஆகிவிட்டது. தொகுப்பதற்கு முன்பே நம்பிக்கை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தொகுத்த கதை தனி. திருமுறைகண்ட புராணத்தின்படி, திருநாரையூர்ப் பொல்லாப்பிள்ளையார் அருளால் திருமுறையைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி தேவாரச் சுவடி இருக்கும் இடத்தைச் சொல்ல, ராசராசன் தில்லையில் பூட்டிய அறையைத் திறக்கச் சொன்னான். மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். மூவர் திருவுருவையும் எழுந்தருளச் செய்து திறந்தால் சுவடியைக் கரையான் மூடியிருந்தது. இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று அசரீரி எழுந்தது. பண் தெரியாமல் நின்றபோது எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் வகுத்தார்கள். இழந்ததற்குக் காரணம் சொல்லும் கதை என்ற அளவில் இது மிகக் கெட்டியானது: கரையான் தின்றதும் அருள், மிஞ்சியதும் அருள்.

கல்வெட்டு வேறொரு பக்கத்தைக் காட்டும். திருவல்லத்தில் நந்திவர்ம பல்லவன் காலத்து ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே திருப்பதியம் பாடுவாருக்குக் கொடை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும் (ஓதுவார்களையும்), உடுக்கைக்கு ஒருவர் கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என இரண்டு பேரையும் வைத்து, தலைக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளந்தான். அறையைத் திறக்கும் முன்பே வெளியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருவிடைவாய்ப் பதிகம் சுவடிகளில் இல்லாமல் 1917இல் அவ்வூர்க் கோயில் கல்வெட்டில் அகப்பட்டது. அச்சில் மூன்றாம் திருமுறைக் கடைசியில் சேர்த்தார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கும் மேல் கிடைத்தன. நான்கு தளங்களில் எதிலும் பதிகத்தையும் அது கிடைத்த கல்லையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதி இல்லை. தல வழிச் செல்பவருக்குச் சைவம் டாட் ஆர்க்கில் கோயில் பக்கம் கிடைக்கும். கல்வெட்டு மூலத்துக்குத் தொல்லியல் துறைத் தொகுதிகளைத்தான் நாட வேண்டும்.

எது அருட்பா என்ற எல்லைக்கோடு வெறும் ஏட்டுச் சண்டை இல்லை என்பதற்கு வடலூர் விவகாரம் போதும். இராமலிங்கர் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில், திருமுறை என்ற பகுப்போடு வந்தன. ஆறுமுக நாவலர் தரப்பு மறுத்து எழுதியது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளும் தளங்கள் அந்த எல்லையை இன்றும் காக்கின்றன.

நம்பிக்கை பாட்டில் பிறந்தாலும் வளர்ந்தது வாயில். கோயிலில் பூசை முடிவில் ஓதும் பஞ்சபுராணம் என்ற ஐந்து, தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு, முன்னும் பின்னும் "திருச்சிற்றம்பலம்". இதை நாள்தோறும் கேட்பவருக்கு ஆதாரம் கேட்கத் தோன்றாது. ஆகவே ஒலிப்பதிவை ஓர் ஒட்டுச் சரக்காக நினைக்காதீர்கள். பண்ணைப் பார்த்துக் கேளுங்கள்: தக்கேசி காம்போதியாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் இன்று ஓதப்படுகின்றன. செந்துருத்தியில் இருப்பது "மீளா அடிமை" (7.95) ஒன்றுதான். யாழில் அடங்காத பதிகம் என்ற "மாதர் மடப்பிடி"யை (1.136) ஒருமுறை கேட்டுவிட்டு அடி நீளத்தை மூலத்தில் பாருங்கள், யாழ் முறிந்த கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோகும். கச்சேரிக்காரர் பதிவைவிட ஓதுவார் பதிவை எடுப்பது நல்லது. சங்கதி ஏறினால் சொல் மறையும், இங்கே சொல்தான் முதல்.

மிச்சம் இருப்பது பயன். இன்ன பதிகம் இன்ன குறைக்கு என்ற பட்டியல் இல்லாத சைவ அட்டைப் புத்தகம் கிடையாது, இணையத்திலும் அப்படியே: காசுக்கு "வாசி தீரவே" (1.92), சுரத்துக்கு "அவ்வினைக் கிவ்வினை" (1.116), திருமணத்துக்கு "சடையா யெனுமால்" (2.18), பிள்ளைப்பேற்றுக்கு வெண்காட்டுப் பதிகம் (2.48). ஓதினோம், நடந்தது, ஆகவே இறைவாக்கு என்பதுதான் வீட்டளவில் மிகப் பலமான வாதம். பட்டியலை மூலத்தோடு ஒப்பிட்டால் கலவையான முடிவு வரும். வெண்காட்டுப் பதிகத்தின் இரண்டாம் பாட்டு முக்குளத்தில் தோய்பவருக்குப் பிள்ளையும் நினைத்த வரமும் உண்டு, ஐயுற வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. பட்டியல் சரி, ஆனால் குளத்தை விட்டுவிட்டார்கள். "சடையா யெனுமால்" கடைக்காப்பு தருவதாகச் சொல்வது உலகெல்லாம் விளங்கும் புகழ், கல்யாணம் இல்லை. மருகலில் பாம்பு தீண்டிய வணிகனை எழுப்பி அந்தப் பெண்ணுக்கு மணம் முடித்துவைத்த கதையிலிருந்து வந்த பயன் அது. "அவ்வினை"யில் சுரம் என்ற சொல்லே இல்லை. "செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா" என்பதே முடிவு. ஆகவே பயன் பட்டியலைப் பார்த்தால் உடனே பதினோராம் பாட்டைத் திறந்து சரிபாருங்கள். பதினோராம் பாட்டு இல்லாத அப்பர் பதிகங்களில் இந்தச் சோதனை செல்லாது. அவர் பெரும்பாலும் இராவணனோடு முடித்துவிடுவார், பயன் சொல்லிக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவரிடம் இல்லை.

வாங்கச் சொல்லவா வேண்டாமா என்ற வழக்கமான தீர்ப்புக்கு இங்கே வேலையில்லை, நான்கும் இலவசம். ஓதப் பழகுபவருக்குச் சைவம் டாட் ஆர்க் போதும். பொருள் வேண்டுபவர் தேவாரம் டாட் ஆர்க்கை விட்டு நகர வேண்டாம், பதிக வரலாற்றை மட்டும் கடைசியில் படியுங்கள். மதுரைத் திட்டக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் ஒரு திருமுறை முழுவதையும் ஒரே மூச்சில் தேடலாம். வாதம் செய்யக் கிளம்புபவர், எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும், கணினித் தேவாரத்தின் சொல்லடைவில் ஒரு மாலையாவது செலவழித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரியபுராணத்தோடு ஒப்பிடும்போது எண்ணை நம்ப வேண்டாம். பாட்டுத் தொகை 4253 என்று மரபு சொல்லும்; அச்சுப் பதிப்புகளில் அது 4280ஐத் தாண்டும், இடைச்செருகல் எது என்பதில் பதிப்பாசிரியர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு தளத்துப் பாட்டெண்ணை இன்னொரு தளத்தில் போட்டால் வேறு பாட்டு வந்து நிற்கும். முதற்சீரை வைத்துத் தேடுங்கள், அதையும் சீர் பிரித்தே அடியுங்கள்.